வேல்யூஸை வச்சு டீம் நடத்தணும்னா என்ன படிக்கலாம், எந்த வரிசைல படிக்கலாம்: முழுமையான வழிகாட்டி

பத்து வருஷத்துக்கு முன்னாடி பம்ப் பார்ட்ஸ் மெஷினிங் பண்ற ஒரு யூனிட்ல ஷிஃப்ட் இன்சார்ஜா இருந்தேன். மாசக் கடைசி. ஒரு லாட்ல, அதாவது ஒரே தொகுப்பா செஞ்ச பீஸுங்கள்ல, உள்துளையோட அளவு டாலரன்ஸை (அனுமதிச்ச வித்தியாசத்தை) தாண்டி போயிருக்கு, கண்ணுக்கு தெரியாது, கேஜ்ங்கற அளவுக்கருவியை விட்டு பாத்தாதான் தெரியும். "இந்த ஒரு தடவ அனுப்பிடுங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாம்"னு மேல இருந்து போன் வந்துச்சு, நானும் கையெழுத்து போட்டு அனுப்பிட்டேன். அந்த மேஜைக்கு நேர் மேல செவுத்துல தரம், நேர்மை, வாடிக்கையாளரே முதல்னு ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தாங்க. இன்ஸ்பெக்ஷன்ல இருந்த பையன் ஒரு வார்த்தை பேசல, கேஜை துடைச்சு பெட்டில வச்சுட்டு போயிட்டான். அவன் பேசாம போனதுதான் என்னை இந்த புத்தகங்க பக்கம் தள்ளுச்சு.

அதுக்கப்புறம் நிறைய படிச்சேன், கண்டதையும் படிச்சேன், பாதி நேரம் வீண்தான். இப்ப என்கிட்ட "சார், டீம் லீட் ஆயிட்டேன், என்ன படிக்கலாம்"னு கேக்கறவங்களுக்கு ஒரு வரிசை வச்சிருக்கேன், அதைத்தான் இங்க எழுதறேன். இந்த மொத்த வரிசைக்கும் ஒரே ஒரு அளவுகோல்தான்: ஒரு வேல்யூவால ஒரு கம்பெனிக்கோ ஒரு ஆளுக்கோ நஷ்டம் வந்த இடம் அந்த புத்தகத்துல இருக்கணும், அந்த நஷ்டத்தை யார் தாங்குனாங்கன்னும் இருக்கணும். அது இல்லாத புத்தகம் எவ்வளவு நல்லா எழுதியிருந்தாலும் நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

படி 1: புத்தகம் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு பக்கம் எழுதுங்க

சாதாரண நோட்டு போதும். உங்க வேலைல, செவுத்துல எழுதியிருந்த ஒரு வேல்யூவும் அன்னைக்கு எடுத்த முடிவும் முட்டிக்கிட்ட ஒரு சம்பவத்தை எழுதுங்க. யார் என்ன சொன்னாங்க, நீங்க என்ன சொன்னீங்க, என்ன சொல்லாம விட்டீங்க, அவ்வளவுதான். ஞாயம் தேட வேண்டாம், உங்களை நீங்களே திட்டிக்கவும் வேண்டாம். இந்தப் பக்கம் இல்லாம கீழ சொல்ற எந்த புத்தகத்தை படிச்சாலும் "ஆமா நல்லாதான் சொல்லியிருக்காங்க"ன்னு தலையாட்டிட்டு மூடி வச்சுடுவோம். பக்கம் கையில இருந்தா ஒவ்வொரு அத்தியாயத்தையும் அதுமேல வச்சு பாப்பீங்க.

படி 2: ஒரு சின்ன கட்டுரைல ஆரம்பிங்க

முதல்ல தடி புத்தகம் வேண்டாம். பேட்ரிக் லென்சியோனி 2002 ஜூலைல ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவுல எழுதுன 'மேக் யுவர் வேல்யூஸ் மீன் சம்திங்' படிங்க, ஒரே உக்காரல்ல முடிஞ்சுடும். ஆரம்பத்துலயே தொடர்பு, மரியாதை, நேர்மை, சிறப்புன்னு நாலு வேல்யூஸை குடுத்து, கேக்க நல்லா இருக்கில்ல, இது என்ரான் கம்பெனியோட வேல்யூஸ்னு சொல்லுவாரு. கணக்குல பண்ண தில்லுமுல்லு வெளிய வந்து 2001 டிசம்பர்ல திவாலான அதே என்ரான்.

இதுல எனக்கு பிடிச்சது அவர் வேல்யூஸை நாலா பிரிக்கறது. நிஜமாவே கம்பெனியோட ரத்தத்துல ஊறுனது ஒண்ணு. இன்னும் நம்மகிட்ட இல்ல, வேணும்னு ஆசைப்படறது ஒண்ணு. வேலைக்கு சேரணும்னா எல்லார்கிட்டயும் குறைஞ்சபட்சம் இருந்தே ஆகணும்ங்கறது மூணாவது. யாரும் திட்டம் போடாம தானா வளந்து ஒட்டிக்கிட்டது நாலாவது. பெரும்பாலான கம்பெனிங்க செவுத்துல ஆசைப்படறதை எழுதி மாட்டிட்டு, அதை ரத்தத்துல ஊறுனதுன்னு சொல்லிக்கறாங்க, ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியும், அதனாலதான் அந்த ஃப்ரேமை யாரும் திரும்பி கூட பாக்கறதில்ல. உங்க ஆபீஸ் வேல்யூஸை இந்த நாலு கட்டத்துல போட்டு பாருங்க, பத்து நிமிஷ வேலை, எந்த கட்டம் காலியா இருக்குன்னு அப்பவே தெரிஞ்சுடும்.

படி 3: தோத்த கதையை முதல்ல படிங்க

இங்கதான் நிறைய பேர் என்கூட சண்டை போடுவாங்க. ஜெயிச்ச தலைவர்களோட கதைல ஆரம்பிச்சாதானே உற்சாகம் வரும்னு கேப்பாங்க. உற்சாகம் வரும், ஒரு வாரம் இருக்கும், அப்புறம் மாசக் கடைசி வந்துடும். நாம எப்படி வழுக்குறோம்னு தெரியாம எப்படி நிக்கறதுன்னு கத்துக்க முடியாது.

டையன் வான் எழுதுன 'தி சேலஞ்சர் லான்ச் டிசிஷன்', 1996ல வந்தது. பெரிய புத்தகம், சமூகவியல் ஆராய்ச்சி, சில பக்கம் வறண்டுதான் இருக்கும், ஆனா இந்த வரிசைல ஒரே ஒரு புத்தகம்தான் படிக்க முடியும்னா இதைத்தான் குடுப்பேன். 1986 ஜனவரி 28, சேலஞ்சர் விண்கலம் கிளம்புன 73 விநாடில சிதறிடுச்சு, உள்ள இருந்த 7 பேரும் போயிட்டாங்க. காரணம் பூஸ்டர் ராக்கெட்டோட இணைப்புல இருக்கற ஓ-ரிங்ங்கற ரப்பர் வளையம், குளிர்ல அது சட்டுனு விரிஞ்சு இடைவெளியை அடைக்கல. முந்தின நாள் ராத்திரி போன் கான்ஃபரன்ஸ்ல, பூஸ்டர் செஞ்ச மார்ட்டன் தயோகால் கம்பெனி இன்ஜினியருங்க இந்த குளிர்ல விட வேண்டாம்னு வாதாடியிருக்காங்க. நாசா பக்கத்துல இருந்து அழுத்தம் வந்ததும் கம்பெனி தனியா பேசறதுக்கு லைனை கட் பண்ணிக்கிச்சு, அப்ப அங்க இருந்த ஒரு மூத்த அதிகாரி இன்ஜினியரிங் தலைவரைப் பாத்து இன்ஜினியர் தொப்பியை கழட்டிட்டு மேனேஜர் தொப்பியை மாட்டுங்கன்னு சொல்லியிருக்காரு. இது விசாரணை கமிஷன்லயே பதிவானது.

டையன் வான் சொல்றதுதான் என்னை தூங்க விடாம பண்ணுச்சு. யாரோ கெட்டவங்க விதியை மீறுனதால இது நடக்கலங்கறாங்க. முந்தைய பயணங்கள்லயும் அந்த வளையம் அரிச்சிருக்கு, ஒவ்வொரு தடவையும் விண்கலம் பத்திரமா திரும்பி வந்துடுச்சு, அதனால அந்த சேதாரம் கொஞ்சம் கொஞ்சமா "ஏத்துக்கலாம்"ங்கற கணக்குல சேந்துடுச்சு. பிசகு வழக்கமா மாறிப்போச்சு. எல்லாரும் அவங்கவங்க நடைமுறைப்படி ஒழுங்காத்தான் கையெழுத்து போட்டிருக்காங்க. என் லாட் கதையும் அதேதான், அந்த மாசம் முதல் தடவை கிடையாது, அதுக்கு முன்னாடி மூணு தடவை "கொஞ்சூண்டு" தாண்டுனதை அனுப்பி எந்த கம்ப்ளைன்ட்டும் வரல, அந்த தைரியத்துலதான் நாலாவது தடவை கையெழுத்து போட்டேன்.

முழுசும் படிக்க நேரமில்லன்னா லான்ச்சுக்கு முந்தின நாள் ராத்திரி பத்தின அத்தியாயத்தை மட்டுமாவது படிச்சுடுங்க. இந்த விபத்தை விசாரிச்ச ரோஜர்ஸ் கமிஷன் அறிக்கையும் இணையத்துல இலவசமா கிடைக்குது, சாட்சியம் குடுத்தவங்களோட வார்த்தைங்க அப்படியே இருக்கு.

படி 4: கலாச்சாரம் எப்படி ஒட்டுதுன்னு புரிஞ்சுக்கங்க

எட்கார் ஷைன் எழுதுன 'ஆர்கனைசேஷனல் கல்ச்சர் அண்ட் லீடர்ஷிப்', முதல் பதிப்பு 1985. பாடப்புத்தகம் மாதிரி இருக்கும், ரெண்டு விஷயம் எடுத்துக்கிட்டா போதும். முதலாவது மூணு அடுக்கு: கண்ணுக்கு தெரியற சமாச்சாரம், வாயால சொல்லிக்கற வேல்யூஸ், அதுக்கெல்லாம் அடியில யாரும் பேசாமலே எல்லாரும் நம்பிக்கிட்டு இருக்கறது. சண்டை வந்தா ஜெயிக்கறது எப்பவும் அடியில இருக்கறதுதான். எங்க யூனிட்ல அடியில இருந்தது "டிஸ்பாட்ச் (சரக்கு அனுப்பறது) நின்னா நாம செத்தோம்"ங்கறது, அதை எந்த செவுத்துலயும் எழுதல, எழுத வேண்டிய அவசியமே இல்ல.

ரெண்டாவது, தலைவர் தன் வேல்யூஸை கீழ எப்படி ஊட்டறாருங்கறது. எதை தினமும் கவனிக்கறாரு, எதை அளக்கறாரு, பிரச்சனை வெடிக்கும்போது எப்படி நடந்துக்கறாரு, பணத்தை எங்க போடறாரு, யாருக்கு ப்ரமோஷன் குடுக்கறாரு, யாரை வெளிய அனுப்பறாரு, இதெல்லாம்தான் முதல் வரிசை. எழுதி வச்ச கொள்கை அறிக்கையெல்லாம் ஷைன் கணக்குல அடுத்த வரிசைதான். காலைல நீங்க கேக்கற முதல் கேள்வி என்னன்னு ஒரு வாரம் குறிச்சு பாருங்க. நான் குறிச்சேன், ஆறு நாள்ல ஆறு நாளும் "எத்தன பீஸ் ஆச்சு"தான் கேட்டிருக்கேன், "என்ன ரிஜெக்ஷன் வந்துச்சு, ஏன் வந்துச்சு"ன்னு ஒரு நாள் கூட கேக்கல. அப்புறம் அந்தப் பையன் எப்படி வாயைத் திறப்பான்?

இதோட சேத்து ஏமி எட்மண்ட்சனோட 'தி ஃபியர்லெஸ் ஆர்கனைசேஷன்' (2018) படிக்கலாம். அவங்க ஆரம்ப காலத்துல ஆஸ்பத்திரிங்கள்ல மருந்து தப்பா குடுக்கறதை பத்தி ஆராய்ச்சி பண்ணும்போது, நல்லா ஒத்துமையா இருக்கற டீம்லதான் தப்பு அதிகமா பதிவாகியிருக்கு. முதல்ல குழம்பிட்டு அப்புறம்தான் புரிஞ்சுருக்கு, அந்த டீம் தப்பு அதிகமா பண்ணல, பண்ண தப்பை பயமில்லாம சொல்லுது. இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த புத்தகம் வாங்கலாம், மத்த பக்கங்கள்ல கொஞ்சம் திரும்பத் திரும்ப வரும்.

படி 5: வாயைத் திறக்க பழகுங்க

எது சரின்னு நமக்கு தெரியாமலா இருக்கு? எனக்கு அன்னைக்கே தெரியும். தெரியாம இருந்தது எப்படி சொல்றதுங்கறதுதான். மேரி ஜென்டைல் எழுதுன 'கிவிங் வாய்ஸ் டு வேல்யூஸ்' (2010) அந்த இடத்துல இருந்துதான் ஆரம்பிக்குது. எது சரின்னு விவாதம் பண்ணிக்கிட்டு இருக்காதீங்க, சரியானது எதுன்னு முடிவாயிடுச்சுன்னு வச்சுக்கங்க, இப்ப யார்கிட்ட போய் என்ன வார்த்தைல சொல்லுவீங்க, அவங்க திருப்பி என்ன சொல்லுவாங்க, அதுக்கு உங்க பதில் என்னன்னு கேக்கறாங்க. அதை எழுதி, சத்தமா பேசி, இன்னொருத்தர் முன்னாடி ஒத்திகை பாக்க சொல்றாங்க.

நாம கேக்கப்போற சாக்குங்களையும் முன்னாடியே பட்டியல் போட்டு வச்சிருக்காங்க: எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க, இது ரொம்ப சின்ன விஷயம், இது என் பொறுப்பு கிடையாது, நம்ம ஆளுங்களுக்கு விசுவாசமா இருக்க வேண்டாமா. படிச்சப்ப எனக்கு போன்ல வந்த குரலே கேட்ட மாதிரி இருந்துச்சு, ரெண்டாவது சாக்கு அப்படியே எனக்கு சொன்னது.

படி 1ல எழுதுன பக்கத்தை இப்ப எடுங்க. அன்னைக்கு நீங்க சொல்லியிருக்கக்கூடிய மூணு வாக்கியத்தை எழுதுங்க. என்னோடது இப்படி: "சார், இந்த லாட் கேஜ்ல நிக்கல. இப்ப அனுப்பினா திரும்பி வர்ற செலவு இவ்வளவு, நாளைக்கு மதியத்துக்குள்ள ரீவொர்க் பண்ணா, அதாவது திரும்ப சரி பண்ணா, பாதி லாட் தேறும். கஸ்டமர்கிட்ட ஒரு நாள் டைம் நானே கேக்கறேன்." வீரவசனம் ஒண்ணுமே இல்ல பாருங்க, செலவும் மாற்று வழியும்தான் இருக்கு. இதை ரெண்டு தடவை சத்தமா சொல்லி பாத்திருந்தா அன்னைக்கு வாயில வந்திருக்கும்.

நம்ம பக்கத்துல திருக்குறள் 45வது அதிகாரம், பெரியாரைத் துணைக்கோடல், இதையே மேல உக்காந்திருக்கறவர் பக்கம் நின்னு பேசுது. இடிச்சு சொல்ல ஆள் இல்லாத மன்னன் கெடுக்கறதுக்கு எதிரி இல்லன்னாலும் கெடுவான்னு 448வது குறள். 39வது அதிகாரத்துல 389வதையும் சேத்து படிங்க, காது கசக்கற சொல்லை பொறுத்துக்கற பண்பு வேந்தனுக்கு வேணும்னு வரும். ஸ்கூல்ல மார்க்குக்காக மனப்பாடம் பண்ணதை டீம் நடத்த ஆரம்பிச்சப்புறம் திரும்ப படிச்சா வேற மாதிரி இருக்குங்க, உரையோட ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம்னு பொருட்பால்ல அரசியல் பகுதியை போங்க.

படி 6: இப்ப நின்னவங்க கதை

ஹாரி க்ரேமரோட 'ஃப்ரம் வேல்யூஸ் டு ஆக்ஷன்' (2011). பாக்ஸ்டர்ங்கற மருத்துவ கம்பெனிக்கு சிஇஓவா இருந்தவர். தன்னைத்தானே திரும்பி பாக்கறது, எல்லா பக்கத்தையும் கேக்கறது, உண்மையான தன்னம்பிக்கை, பணிவுன்னு நாலு தலைப்புல எழுதியிருக்காரு, அது பரவாயில்ல ரகம். முக்கியமானது 2001 சம்பவம். கம்பெனி புதுசா வாங்கியிருந்த பிரிவுல செஞ்ச டயாலிசிஸ் ஃபில்டரால ஸ்பெயின், குரோஷியா இன்னும் சில நாடுகள்ல 50 பேருக்கும் மேல இறந்துட்டாங்க. பாக்ஸ்டர் அந்த ஃபில்டரை திரும்ப வாங்கிச்சு, உற்பத்தியை நிறுத்திச்சு, பொறுப்பை ஏத்துக்கிச்சு. க்ரேமர் போர்டுகிட்ட போயி தன் போனஸ்ல குறைஞ்சது 40 சதவீதம், மத்த மூத்த அதிகாரிங்களுக்கு 20 சதவீதம் குறைங்கன்னு கேட்டிருக்காரு. உயிர் போனதுக்கு போனஸ் ஈடாகாது, ஆனா பொறுப்புங்கற வார்த்தைக்கு தன் சம்பளத்துலயே ஒரு தொகையை வச்சு காட்டுன ஆளுங்க ரொம்ப கம்மி.

ஜான்சன் அண்ட் ஜான்சனோட 'கிரெடோ', 1943ல ராபர்ட் வுட் ஜான்சன் எழுதுன ஒரு பக்கம், கட்டாயம் படிங்க. வரிசையை கவனிங்க: மருந்தை உபயோகிக்கறவங்க முதல்ல, அப்புறம் ஊழியர்கள், அப்புறம் சமூகம், பங்குதாரர்கள் கடைசி. 1982ல சிகாகோ பக்கத்துல இந்த கம்பெனியோட டைலனால்ங்கற வலி மாத்திரைல யாரோ சயனைடு கலந்து 7 பேர் இறந்தப்ப, சிஇஓ ஜேம்ஸ் பர்க் நாடு முழுக்க 3 கோடிக்கும் மேல பாட்டிலை திரும்ப வாங்குனாரு, 10 கோடி டாலருக்கு மேல செலவு. பர்க் அதுக்கு சில வருஷம் முன்னாடியே மேனேஜர்களை உக்கார வச்சு, இந்த கிரெடோவை நம்பறீங்களா இல்ல கிழிச்சு போட்டுடலாமான்னு விவாதம் நடத்தியிருந்தாரு. என்னைக் கேட்டா டைலனால்ல காப்பாத்துனது அந்த விவாதம்தான். அதே கம்பெனி பின்னாடி டால்கம் பவுடர் சம்பந்தமா ஆயிரக்கணக்கான வழக்குல நின்னுச்சு, பவுடர் பாதுகாப்பானதுன்னு கம்பெனி சொல்லிக்கிட்டே இருக்கு. ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வச்சு படிங்க, 1982ல எடுத்த நல்ல பேர் எல்லா வருஷத்துக்கும் செல்லாது.

நம்ம ஊர் கதைன்னா 'இன்ஃபினிட் விஷன்', பவித்ரா மேத்தாவும் சுசித்ரா ஷெனாயும் எழுதுனது, 2011. மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசு வேலைல இருந்து 58 வயசுல ரிட்டயர் ஆகி, 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்சது, முடக்குவாதத்தால விரலெல்லாம் வளைஞ்சு போயிருந்த மனுஷன் அந்தக் கையாலதான் ஆபரேஷன் பண்ணாரு. கட்டணம் கட்டறவங்க பணத்துல கட்ட முடியாதவங்களுக்கும் பார்வை, ரெண்டு பக்கமும் ஆபரேஷன் பண்றது அதே டாக்டருங்கதான். கண்ணுக்குள்ள வைக்கற வெளிநாட்டு லென்ஸ் விலை ஏழைங்களுக்கு எட்டலன்னு 1992ல ஆரோலேப்ங்கற தயாரிப்பு யூனிட்டை ஆரம்பிச்சு தாங்களே செய்ய ஆரம்பிச்சாங்க. இந்த புத்தகத்தை அழுதுக்கிட்டே படிக்கறவங்க இருக்காங்க, நானும் ரெண்டு இடத்துல கலங்குனேன், ஆனா அதைவிட முக்கியமா கவனிக்க வேண்டியது கருணையை எப்படி நடைமுறையா மாத்துனாங்கங்கறது. ஒரு நோயாளி முடியறதுக்குள்ள அடுத்த மேஜைல அடுத்தவர் தயாரா இருப்பாரு, கிராமத்து பொண்ணுங்களுக்கு ரெண்டு வருஷம் பயிற்சி குடுத்து வேலையோட பெரும்பகுதியை அவங்கதான் தாங்கறாங்க. வேல்யூ அங்க ஷெட்யூல்லயும் விலைப்பட்டியல்லயும் இருக்கு, அதனாலதான் நிக்குது.

ராபர்ட் க்ரீன்லீஃபோட 'தி சர்வன்ட் அஸ் லீடர்' (1970) சின்ன கட்டுரை, ஏடி அண்ட் டிங்கற அமெரிக்க டெலிபோன் கம்பெனில வாழ்நாளெல்லாம் வேலை பாத்தவர் எழுதுனது. நடை கொஞ்சம் சுத்தி வளைக்கும், அவர் வைக்கற சோதனைக்காக படிங்க: உங்க கீழ இருக்கறவங்க மனுஷங்களா வளர்றாங்களா, அடிமட்டத்துல இருக்கறவனுக்கு உங்களால என்ன ஆகுது. மாக்ஸ் டிப்ரீயோட 'லீடர்ஷிப் இஸ் ஆன் ஆர்ட்' ஒரு ரயில் பயணத்துல முடிஞ்சுடும், ஃபேக்டரில மெஷின் பாத்துக்கிட்ட ஒரு தொழிலாளி செத்தப்புறம் அவர் கவிஞர்னு வீட்டுக்காரம்மா மூலமா தெரிய வர்ற இடம் ஒண்ணு இருக்கு, ஷாப் ஃப்ளோர்ல வேலை பாத்தவங்களுக்கு அது நெஞ்சுல நிக்கும்.

படி 7: எதை எச்சரிக்கையா படிக்கணும்

ஜெயிச்ச கம்பெனிங்களை பொறுக்கி எடுத்து, இவங்ககிட்ட இந்த வேல்யூ இருந்துச்சு அதனால ஜெயிச்சாங்கன்னு சொல்ற புத்தகங்க. ஜிம் காலின்ஸோட 'குட் டு க்ரேட்' (2001) எல்லார் மேஜைலயும் இருக்கு, பணிவான தலைவர் பத்தின அத்தியாயம் நல்லாவே இருக்கு. அதுல உதாரணமா வந்த சர்க்யூட் சிட்டிங்கற அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் கடை கம்பெனி 2008ல திவால், ஃபேனி மேங்கற வீட்டுக்கடன் கம்பெனி அதே வருஷம் அரசாங்கத்தோட பிடிக்கு போயிடுச்சு. ஏன் இப்படின்னு புரிய ஃபில் ரோசன்ஸ்வைக்கோட 'தி ஹாலோ எஃபெக்ட்' (2007) கூட வச்சுக்கங்க. லாபம் வரும்போது எல்லா தலைவரும் நேர்மையா, தைரியமா தெரிவாங்க, லாபம் போனா அதே ஆள் பிடிவாதக்காரர்.

படி 8: தனியா படிக்காதீங்க

நாலு பேர் போதும், அதுல ஒருத்தராவது உங்களுக்கு கீழ வேலை பாக்கறவரா இருக்கணும். மாசம் ஒண்ணுதான், புத்தகம் முழுசா இல்ல, ஒரு அத்தியாயம். எல்லாரும் ஒரே ஒரு கேள்விக்கு பதில் கொண்டு வரணும்: இதே மாதிரி நம்ம இடத்துல எங்க நடந்துச்சு? நீங்கதான் சீனியர்னா கடைசியா பேசுங்க, முதல்ல பேசுனா மத்தவங்க உங்க பதிலையே வேற வார்த்தைல திருப்பி சொல்லுவாங்க. இங்கிலீஷ் சிரமமா இருக்கறவங்களுக்கு நீங்களே கதையா சொல்லுங்க, சேலஞ்சர் கதையை எங்க ஷாப் ஃப்ளோர்ல டீ டைம்ல இருபது நிமிஷத்துல சொன்னேன், ஓ-ரிங்னா என்னன்னு அவங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதே இல்ல, தினமும் கையில புழங்கறவங்க.

வேகம் பத்தி கேப்பீங்க. படி 1, 2 ஒரு வாரம். சேலஞ்சருக்கு ரெண்டு மாசம் ஆனாலும் பரவாயில்ல. ஷைனும் ஜென்டைலும் சேந்து மூணு மாசம், இந்த நேரத்துல ஒத்திகையை விட்டுடாதீங்க. படி 6ல உங்க தொழிலுக்கு எது கிட்ட இருக்கோ அதை எடுங்க. வருஷக் கடைசில அந்த முதல் பக்கத்தை திரும்ப எடுத்து, அதே சம்பவத்தை மறுபடி முதல்ல இருந்து எழுதுங்க, பழசை பாக்காம எழுதிட்டு அப்புறம் பக்கத்துல வச்சு பாருங்க.

நான் இப்ப வேற யூனிட்ல இருக்கேன். போன வருஷம் டீ டைம் கூட்டத்துல உக்காந்திருந்த ஒரு இன்ஸ்பெக்ஷன் பொண்ணு, சேந்து எட்டு மாசம்தான் ஆகுது, மாசக் கடைசில ஒரு லாட்டுக்கு அனுப்பக்கூடாதுங்கற சிவப்பு டேக் கட்டிட்டு நேரா என்கிட்ட வந்து, "சார், இது நிக்கல, எத்தன பீஸ் தேறும்னு பாத்துட்டேன், நீங்க கஸ்டமருக்கு போன் பண்ணணும்"னு சொல்லுச்சு. எனக்கு உள்ள பக்குனுதான் இருந்துச்சு, அந்த மாச டார்கெட் போயிடுச்சு, ரிவ்யூ மீட்டிங்ல நின்னு பதில் சொன்னது நான்தான். போனை எடுத்து கஸ்டமர்கிட்ட ஒரு நாள் டைம் கேட்டேன்.